பெங்களூர்க் கத்தரிக்காய்: ஒரு பந்தற்கொடியின் பெயர் வரலாறு

பெங்களூருச் சந்தைகளில் 'சீமெ பதனெகாயி' என்று விற்கப்படும் காயைத் தமிழகத்தில் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்றும் 'சௌசௌ' என்றும் வழங்குகின்றனர். தெலுங்கிலும் அது 'பெங்களூரு வங்காய'. பெங்களூரார்க்கு அது சீமையிலிருந்து வந்த கத்தரி. அண்டை மொழியினர்க்கோ பெங்களூரிலிருந்து வந்த கத்தரி. ஒவ்வொரு மொழியும் அக்கொடி தன்னிடம் வருமுன் நின்ற கடைசி ஊரையே பெயரில் பதிந்து வைத்திருக்கிறது.

தாவரவியலின்படி அது கத்தரியே அன்று. பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாயகம் மெக்சிகோவும் அதை அடுத்த நடு அமெரிக்க நிலங்களும். நாவாட்டு மொழியின் 'சயோட்லி' என்னும் சொல்லே ஸ்பானிய மொழியில் 'சயோத்தே' ஆயிற்று. ஆயினும் 'சீமை' என்னும் அடைமொழி மெக்சிகோவைச் சுட்டவில்லை. எல்லை எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த அச்சொல், முதலில் நாட்டுப் பகுதியையும், ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் கடல் கடந்த நாட்டையும், சிறப்பாக இங்கிலாந்தையும் குறித்தது. சீமையெண்ணெயில் உள்ள சீமையும் இதுவே. ஆகவே அப்பெயர் காட்டுவது கொடியின் பிறப்பிடத்தை அன்று. அதைக் கொணர்ந்த ஆட்சியை.

அவ்வாறு கொணர்ந்தவராகப் பொதுவாகக் கூறப்படுபவர், கியூ தோட்டத்திலிருந்து வந்து 1874 முதல் லால்பாக்கின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரூன். ஹைதர் அலி 1760ஆம் ஆண்டளவில் தொடங்கிய அத்தோட்டம், கேமரூன் காலத்தில் அயல்நிலப் பயிர்கள் பலவற்றை நட்டுப் பார்க்கும் களமாயிற்று. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள நகரின் மிதமான குளிர், மலைநிலக் கொடியான இதற்கு ஏற்றதாயிருந்தது.

ஆனால் ஒரு கொடி தோட்டத்துள் நுழைந்தமை வேறு. ஊரார் கொல்லைகளுக்குப் பரவியமை வேறு. பின்னதற்கான விடை கொடியின் உடலிலேயே இருக்கிறது. ஒரு காயில் ஒரே விதை. அதுவும் காய்க்குள்ளேயே முளைவிடும். முளைத்த காயை முழுமையாக, அகன்ற முனை மண்ணுக்குள்ளும் காம்புப் பக்கம் மேலுமாகச் சாய்த்து நட்டால் போதும். ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் பூப்பதால், தேனீக்கள் வந்தால் ஒற்றைக் கொடியே காய்க்கும். சமைக்க வாங்கிய காயே விதையாகிவிடுவதால் காய்ச்சந்தையே விதைச்சந்தையாயிற்று. அண்டை வீட்டார்க்குக் கொடுத்த காய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அதைத் தாங்கும் முறையும் இங்கே ஆயத்தமாக இருந்தது. தமிழர் 'பந்தல்' என்றும் கன்னடர் 'சப்பர' என்றும் கூறும் அமைப்பில் புடலும் பாகலும் அவரையும் நெடுங்காலம் படர்ந்தவை. ஆயினும் புடற்பந்தல் ஒரு பருவத்துக்கானது. புதிய கொடியோ பல்லாண்டு வாழ்வது, பத்து மீட்டருக்கு மேலும் ஓடுவது, கனமான காய்களைத் தொங்கவிடுவது. ஆகவே உறுதியான மூங்கிலோ கற்கால்களோ வேண்டியிருந்தன. பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளிப் பக்கக்கிளைகளைப் பரப்புவதும், காய்ப்பு ஓய்ந்தபின் கொடியை அறுத்து வேரை மட்டும் மண்ணில் விடுவதும் அதைக் கட்டுக்குள் வைக்கும் வழிகள். விட்டுவிட்டால் மரமும் கூரையும் அதன் பந்தலாகிவிடும்.

பெயர்ச்சான்றுக்கும் எல்லை உண்டு. மொரீசியஸிலும் ரெயூனியனிலும் இக்காய் 'சூசூ'; பிரேசிலிலும் ஏறத்தாழ அதே ஒலி. நம் 'சௌசௌ' அக்கடல்வழியை நினைவூட்டுகிறது; ஆனால் ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது. டார்ஜிலிங்கின் நேபாளி மொழியில் வழங்கும் 'இஸ்குஸ்' தன் மூலத்தை மறைப்பதில்லை. அது ஆங்கில 'ஸ்குவாஷ்'. ஒரே காய் ஒரே நாட்டுக்குள் வெவ்வேறு வாய்களின் வழியாகப் பெயர் பெற்றிருக்கிறது என்பதையேனும் இவை உறுதிப்படுத்துகின்றன.

தோட்ட வரலாறு பெரும்பாலும் கண்காணிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கேமரூனுக்குப் பின் நிகழ்ந்த நீண்ட பயணத்தை நடத்தியவர்கள், கொல்லையில் காய் நட்ட பெயரறியா மக்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்னும் இரு சொற்களே. தமிழகக் கடைகளில் இன்று 'சௌசௌ' அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. பெங்களூரில் அடுக்ககங்கள் எழ எழக் கொல்லைகளும் குறைகின்றன. சொல்லும் பந்தலும் ஒருங்கே மறையுமுன், ஊர்தோறும் வழங்கும் காய்ப்பெயர்களைத் தொகுப்பது மொழியியலார்க்கும் வரலாற்றார்க்கும் உரிய பொதுப்பணி.