வீட்டில் பழங்களை உறையவைத்தல்: வரலாறு

பறித்த பழத்தை வேகவைக்காமலும் உலர்த்தாமலும், கடுங்குளிரில் இறுகச் செய்து மாதக்கணக்கில் காப்பது பழ உறைபதனம் எனப்படும். உலர்த்துதலும் உப்பிலிடுதலும் மிகப் பழைய முறைகள். உறையவைத்தலோ வீடுகளுக்கு வந்து ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. இப்பழக்கம் பெருமளவில் வேரூன்றிய இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பண்ணை வீடுகள்.

பனிக்கட்டி மட்டும் இதற்குப் போதாது. 19ஆம் நூற்றாண்டில் பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர், ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக உள்ள 'ஐஸ் ஹவுஸ்' அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டதே. ஆனால் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை 0 பாகை செல்சியஸ். பழச்சாற்றில் சர்க்கரை கரைந்திருப்பதால் அது அதற்கும் கீழேதான் உறையும். எனவே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்த பழம் குளிரும், சில நாள் கூடுதலாகத் தாங்கும், உறையாது.

இயந்திரக் குளிரூட்டல் வந்தபின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ட்ராபெரியைச் சர்க்கரையுடன் கலந்து பீப்பாய்களில் உறையவைத்தனர். பீப்பாயின் நடுப்பகுதி உறைய நாள்கணக்காகும். மெதுவாக உறையும்போது பழத்தின் நீர் பெரிய படிகங்களாகி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடும். உருகியதும் பழம் கூழாகும். அதனால் அது ஜாம், ஐஸ்கிரீம் செய்பவர்களுக்கே பயன்பட்டது.

விரைவாக உறையவைத்தால் படிகங்கள் சிறுத்துவிடும் என்பதை வணிகமாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1912 முதல் லாப்ரடாரில் நரித்தோல் வணிகம் செய்துவந்த அவர், அங்குள்ள இனுயிட் மக்கள் பிடித்த மீன் மைனஸ் 40 பாகைக் காற்றில் நொடிப்பொழுதில் விறைத்துப்போவதையும், மாதங்கள் கழித்தும் சுவை குன்றாதிருப்பதையும் கண்டார். (மைனஸ் 40இல் மட்டும் செல்சியஸ், பாரன்ஹீட் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.) கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையே நூல்கள் சொல்கின்றன, அறிவு இனுயிட் மக்களுடையது. 1930 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 18 கடைகளில் அவருடைய உறைந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் பழங்களும் இருந்தன.

வாடகைப் பெட்டகங்கள்

பண்ணை வீடுகளின் கதை வேறு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. கோடையில் பழம் ஒரேயடியாகப் பழுக்கும். அதைப் புட்டிகளில் அடைக்க, வீட்டுப் பெண்கள் கொதிக்கும் அண்டாவின் முன் நாள்முழுதும் நிற்க வேண்டும். விட்டால் பழம் அழுகும், குளிர்காலத்தில் குழந்தைகளுக்குப் பழமே கிடையாது. இந்நிலையில் சிறு நகரங்களில் பொதுக் குளிர்கிடங்குகள் தோன்றின. வங்கிப் பெட்டகம்போல ஒரு பெட்டியை ஆண்டு வாடகைக்கு எடுத்து, குடும்பத்தினர் தம் இறைச்சியையும் பழத்தையும் அதில் வைத்துப் பூட்டினர். வாரம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது வேண்டியதை எடுத்துவந்தனர். இத்தகைய கிடங்குகள் ஆயிரக்கணக்கில் பெருகின.

1942இல் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியதால் வெள்ளீயம் அரிதாகி, தகர டப்பாக்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. சர்க்கரைக்கும் அதே ஆண்டு பங்கீடு வந்தது. ஜாம் காய்ச்சப் பழத்தின் எடைக்கு ஏறக்குறைய நிகரான சர்க்கரை வேண்டும். உறையவைக்க அதில் ஒரு பங்கு போதும், இல்லாமலும் முடியும். போருக்குப் பின் மின்சாரம் ஊர்ப்புறத்தை எட்டியதும் வீட்டு ஃப்ரீசர்கள் விற்பனைக்கு வந்தன. வாடகைப் பெட்டகங்கள் மெல்ல மறைந்தன.

பீச் பழத்தின் சிக்கல்

குளிர் நொதிகளை மந்தப்படுத்துமே தவிர அழிக்காது. காய்கறியைக் கொதிநீரில் சற்று முக்கி எடுத்து நொதிகளை முடக்கலாம். பழத்தை அப்படிச் செய்தால் அதன் பச்சைச் சுவை போய்விடும். நறுக்கிய பீச் துண்டுகள் உறைந்த நிலையிலும் மெல்லப் பழுப்பேறின. சர்க்கரைப்பாகில் மூழ்கவைத்துக் காற்றைத் தடுத்தது பாதித் தீர்வு. 1933இல் வைட்டமின் சி செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது; பின்னர் அது மலிவானபோது, அஸ்கார்பிக் அமிலம் என்ற பெயரில் பாகில் கலக்கப்பட்டு மீதித் தீர்வையும் தந்தது. எலுமிச்சைச் சாறு ஓரளவு அதே வேலையைச் செய்யும், புளிப்பையும் சேர்த்துவிடும்.

பழம் நன்றாக நிலைக்க மைனஸ் 18 பாகை வேண்டும். ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியின் மேலறை பெரும்பாலும் அவ்வளவு குளிராது. அதில் சில வாரங்களுக்கு மேல் வைப்பது நல்லதன்று. உறைதல் நுண்ணுயிர்களையும் கொல்வதில்லை, உறங்கவே வைக்கிறது. மின்தடையால் முழுதும் உருகிச் சூடேறிய பழத்தை எறிந்துவிட வேண்டும். உள்ளே இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். பழம் சற்றுக் குழையும். மாம்பழத் துண்டுகளைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, இறுகியபின் பையில் அடைத்துக் காற்றை வெளியேற்றுவது வழக்கம். ஒரே அடுக்காகப் பரப்புவதால் ஒவ்வொரு துண்டும் விரைந்து உறைகிறது. குவியலாக வைத்தால் அந்தப் பழைய பீப்பாய்க் கதைதான்.