சாயம் போய்த் திரும்பிய சிமிழ்

ஆந்திரத்தின் அனகாபள்ளி மாவட்டத்தில், வராக நதிக்கரையில் இருக்கிறது ஏடிகொப்பாகா. பொம்மைகளால் பேர்வாங்கிய ஊர். ஆனால் கடைசல்காரரின் கைத்திறனை அளக்க வேண்டுமானால், அங்கே செய்யும் குங்குமச் சிமிழையோ உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கிண்ணத்தையோதான் எடுத்துப் பார்க்க வேண்டும். பொம்மைக்குப் பெரும்பாலும் வெளிப்புறத்தைக் கடைந்தால் போதும். கிண்ணத்தை உள்ளேயும் குடைய வேண்டும். உளி ஒரு நூல் அதிகமாக இறங்கினால் அடி ஓட்டை. சிமிழென்றால் மூடியும் உண்டு. அது இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது.

மரம் அங்குடு. தமிழ்நாட்டில் இதுவே வெப்பாலை. இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறுமே, சொரியாசிஸுக்குச் சித்த வைத்தியர்கள் தருகிற தைலம், அந்த மரம்தான். வெளுப்பாக, கனமில்லாமல், நெருக்கமான இழையோடு இருப்பதால் உளிக்கும் இணங்கும், நிறத்தையும் ஏற்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துக் கடைசல்காரர்கள் நம்பியிருப்பதும் இதையே.

முன்பு வில்லில் கயிறு கட்டி இழுத்துச் சுழற்றினார்கள். இப்போது மோட்டார் சுற்றுகிறது. பூச்சு வேலை மட்டும் மாறவில்லை. தூரிகை கிடையாது. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழை ஓலையை மடித்து அழுத்தினால், திட்டுத்திட்டாக இருந்த அரக்கு சீராகப் பரவிக் கண்ணாடிபோல் மின்னும். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குச்சியை வைத்தால் வளையம் விழும். சில நொடி வேலைதான். கை நடுங்கினால் கோடு கோணும்.

இந்தத் தொழிலின் சரித்திரத்தில் கவனிக்க வேண்டியது நிறத்தின் கதை. மஞ்சள், அவுரி, சாப்பிரா விதை என்று செடிகொடியிலிருந்து எடுத்த சாயங்களை ரசாயனச் சாயம் ஓரங்கட்டியது. மலிவு, பளிச்சென்ற நிறம், காய்ச்சும் வேலை மிச்சம். பட்டறைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தகைய சாயங்கள் சிலவற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் இருந்தன. குழந்தை வாயில் வைக்கும் சாமானுக்கு அது ஆகாது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1988இலேயே பொம்மைகளில் இத்தகைய உலோகங்களுக்கு வரம்பு விதித்துவிட்டது.

ஏடிகொப்பாகாக்காரரான சி.வி.ராஜு பழைய சாயங்களைத் தேடிப் போனார். செடிச்சாயம் எடுப்பது ஒரு வேலை, அதை உருகும் அரக்கோடு ஒட்ட வைப்பது வேறு வேலை. இரண்டையும் பல காலம் சோதித்து, ஊர்க் கைவினைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பட்டறைகளுக்குள் திரும்பக் கொண்டுவந்தார். அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன்பே, 2017இல், ஏடிகொப்பாகா பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றிருந்தன. 2025 குடியரசு தின அணிவகுப்பில் ஆந்திர அலங்கார ஊர்தியில் டெல்லிக்கும் போயின.

நம் அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் கடைபவர்களுக்கும் அரக்குக் குச்சி பழகிய பொருள்தான். வண்ணத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் பேச வேண்டியது ஏடிகொப்பாகாக்காரர்களிடம். சென்னை–ஹௌரா ரயில் பாதையில் எலமஞ்சிலியில் இறங்கினால், அங்கிருந்து ஊர் பக்கம்தான்.