விளிம்பில் நின்ற கொடி

குளிர்ப் பகுதியில் விளையும் சிராத் திராட்சையின் ஒயினை, அண்மைக் காலத்தில் கண்டுபிடித்த புதுமை போலவே பலரும் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராப் பகுதி, நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் என்று அதற்கு ஒரு புதிய வரைபடமும் உருவாகிவிட்டது. உண்மையில் குளிர்ப் பகுதிச் சிராதான் பழையது. 1998இல் கலிஃபோர்னியாவிலும் பிரான்சின் மோன்பெலியேயிலும் இருந்த ஆய்வாளர்கள் மரபணுச் சோதனையின் மூலம் சிராவின் பெற்றோரை அடையாளம் கண்டார்கள். துரேசா, மோந்தூஸ் பிளான்ஷ் ஆகிய அந்த இரண்டு வகைகளும் தென்கிழக்குப் பிரான்சைச் சேர்ந்தவை. பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்த கொடி என்ற கதை அத்தோடு முடிந்தது. ஆல்ப்ஸ் மலைக்குப் பக்கத்தில் பிறந்த கொடி வெயில் நாடுகளுக்குப் போனது பிற்பாடுதான். அப்படியானால், தாய்மண்ணிலேயே இருந்த ஒரு கொடிக்கு முன்னோடிகள் எதற்கு? குளிர் அதற்கு மணத்தைத் தந்ததே ஒழியப் பிழைப்பைத் தரவில்லை என்பதே விடை. பிழைப்பைத் தேடித் தந்தவர்கள், கணக்குக்கு ஒவ்வாத நிலத்தைக் கைவிடாத சில மனிதர்கள்.

வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் ஆம்புயி ஊருக்கு மேலே எழும் கோத் ரோத்திச் சரிவுகள் இதற்கு முதல் சான்று. இதற்கு வடக்கே போனால் சிரா பழுப்பது நிச்சயமில்லை. செங்குத்தான சரிவில் கல்சுவர் எழுப்பி, அடுக்கடுக்காக மண்ணை நிறுத்தி, ஒவ்வொரு கொடியையும் கழியில் கட்டி வளர்த்தார்கள். டிராக்டர் ஏறாது, கவாத்து முதல் அறுவடை வரை எல்லாம் கைவேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்ஸெரா பூச்சி கொடிகளை அழித்தது. முதல் உலகப் போர் வேலைக்கு இருந்த ஆண்களைக் கொண்டுபோனது. மீந்தவர்களுக்கு ஆற்றோரச் சமவெளியில் விளைந்த காய்கறியும் ஆப்ரிகாட் பழமும், அருகிலிருந்த ஆலைகளின் கூலியும் கூடுதல் வருமானம் தந்தன. 1940இல் அரசு இந்தப் பகுதியின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தும் வீழ்ச்சி நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சுமார் 70 ஹெக்டேரில் மட்டுமே கொடிகள் இருந்தன. இன்று அது 300 ஹெக்டேருக்கும் மேல். இந்த இடைவெளியில் சரிவும் மண்ணும் மாறிவிடவில்லை.

மாறியது விற்பனை முறை. அதே பள்ளத்தாக்கின் எர்மிதாஜ் குன்றில் விளைந்த ஒயின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்டோ ஒயினுக்கு வலுவூட்டப் பீப்பாய் பீப்பாயாகக் கலக்கப்பட்டது. அதன் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியவில்லை. உழைப்பின் விலையும் தெரியவில்லை. அதே பள்ளத்தாக்கின் கோர்னாஸ் ஊரில் ஒகுஸ்த் கிளாப் 1950களில் ஒயினை வியாபாரிகளிடம் மொத்தமாகத் தள்ளிவிடாமல், தாமே புட்டியிலடைத்து விற்கத் தொடங்கினார். ஆம்புயியில் எத்தியேன் கிகால் 1946இல் தொடங்கிய நிறுவனம், 1966இல் லா மூலின் என்ற ஒரே நிலத்தின் விளைச்சலைத் தனிப் பெயரில் கொண்டுவந்தது. அவருடைய மகன் மார்செல் அதே வழியில் 1978இல் லா லாந்தோனையும் 1985இல் லா துர்க்கையும் சேர்த்தார். சரிவின் பெயரைப் புட்டியில் ஏற்றிய பிறகுதான் சரிவில் ஏறும் கூலியை விலையில் சேர்க்க முடிந்தது.

அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கரின் மதிப்பெண்களே கோத் ரோத்தியைத் தூக்கி நிறுத்தின என்று சிலர் சொல்வார்கள். அந்த மதிப்பெண்கள் விலையை ஏற்றியது மெய். ஆனால் அவருடைய இதழ் தொடங்கியது 1978இல். லா மூலின் அதற்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. பாராட்டுவதற்கு ஒயின் இருந்தால்தானே பாராட்டு வரும்? கிகால் புதிய ஓக் பீப்பாய்களில் மூன்றரை ஆண்டு வைப்பது நிலத்தின் சுவையையே மறைக்கிறது என்ற குறையும் உண்டு. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கிளாப் பழைய பெரிய பீப்பாய்களையே நம்பினார், கோர்னாஸும் பிழைத்தது. ஆகவே மீட்பின் காரணத்தைப் பீப்பாயில் தேடிப் பயனில்லை.

கடல் கடந்த முன்னோடிகள் இதே பிடிவாதத்தை வேறு வழியில் காட்டினார்கள். நியூசிலாந்தில் வேதியியல் படித்த ஆலன் லிம்மர், அரசு ஆராய்ச்சி நிலையத்தில் அகற்றப்பட இருந்த பழைய சிராக் கொடிகளிலிருந்து 1984இல் போத்துகள் வாங்கி, ஹாக்ஸ் பேயின் சரளை நிலத்தில் நட்டார். அந்நாட்டுக் குளிரில் சிரா பழுக்காது என்று பலரும் நம்பிய காலம் அது. இரண்டே ஆண்டில், 1986இல், விளைச்சல் மிகுதியால் கொடிகளைப் பிடுங்குவோருக்கு அரசே பணம் கொடுத்தது. கான்பெரா அருகே உயிர்வேதியியலாளர் ஜான் கர்க் 1971இல் குளோனகில்லாத் தோட்டத்தைத் தொடங்கினார். மகன் டிம் 1991இல் கிகாலின் ஒயின்களைச் சுவைத்துவிட்டு வந்து, அடுத்த ஆண்டே ஷிராஸோடு (ஆஸ்திரேலியாவில் சிராவின் பெயர் இதுதான்) வியோனியே என்ற வெள்ளைத் திராட்சை சேர்த்த ஒயினைச் செய்தார். வாஷிங்டனில் மைக் சாவர் 1986இல் சிரா நட்டார். பழைய விளிம்பைப் புதிய விளிம்புகள் தேடிச் சென்று கற்றதற்குக் கர்க் குடும்பமே சாட்சி.

இதெல்லாம் தட்பவெப்பத்தின் விளைவுதான், மனிதருக்கு ஏன் புகழ் என்று கேட்கலாம். அதற்கு ஓர் அறிவியல் ஆதாரமும் உண்டு. சிராவில் வரும் மிளகு மணத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற சேர்மம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008இல் வெளியிட்டது. நம் மிளகிலும் கோரைக்கிழங்கிலும் இருப்பதும் இதுவே. குளிர்ந்த பருவத்திலும் நிழல் படும் குலைகளிலும் இது கூடுகிறது. ஆனால் கோத் ரோத்தி மெலிந்துகொண்டிருந்த நாளிலும் அந்தக் குளிர் அங்கேதான் இருந்தது. மணம் ஏன் வந்தது என்பதை வேதியியல் விளக்கும். கொடி ஏன் மிஞ்சியது என்பதை விளக்காது.

இதைக் கொண்டு வெயில் நாட்டு ஷிராஸைத் தாழ்த்துவதும் தவறு. ஆஸ்திரேலியாவின் பரோசாவில் 1843இல் நட்ட கொடிகள் இன்றும் காய்க்கின்றன. மேக்ஸ் ஷூபர்ட் 1951இல் தொடங்கிய கிரேஞ்ச் என்ற ஒயின் உலகப் புகழ் பெற்றது. ஆனால் 1980களில் தென் ஆஸ்திரேலிய அரசும் கொடி பிடுங்கப் பணம் கொடுத்தபோது, அங்கும் முதிய ஷிராஸ் பல இடங்களில் வேரோடு போனது. பிடுங்க மறுத்தவர்களால் எஞ்சியதே இன்று பெருமையாகப் பேசப்படுகிறது. இப்போது புவி சூடாகி, ரோனிலேயே அறுவடை முந்துகிறது. சிரா பழுக்கும் எல்லை இன்னும் வடக்கே, இன்னும் உயரத்துக்கு நகரும். அங்கே கொடி நிலைக்க வெப்பம் மட்டும் போதாது. பழுக்காத ஆண்டுகளின் நட்டத்தைத் தாங்க ஒருவர் வேண்டும். பழுத்த ஆண்டில் அந்த நிலத்தின் பெயரிலேயே ஒயின் விற்கவும் வேண்டும்.