பனியன் வட்டாரத்தில் குறியும் வடிவமும்

அவிநாசியிலிருந்து புளியம்பட்டிக்குச் செல்லும் சாலையில், வாலீஸ்வரர் கோயிலாலும் நிலக்கடலை ஏலத்தாலும் அறியப்படும் சேவூர், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் நகர எல்லையைக் கடந்து பரவியபோது அதன் வேலைவட்டத்துக்குள் வந்த ஊர்களுள் ஒன்று. இந்த வட்டாரத்தின் பவர் டேபிள்களில் (மின்விசைத் தையல் இயந்திர வரிசைகளில்) தைக்கப்படும் ஆடையின் கழுத்து லேபிள் பெரும்பாலும் தைத்தவருடையதாகவோ துணி பின்னியவருடையதாகவோ இருப்பதில்லை. அந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ள வணிகக்குறிச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிகளில் தெய்வங்களும் விலங்குகளும் அச்சிட்ட வண்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்ததால், எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லித் துணி கேட்க முடிந்தது. போலிக் குறியிடுவதை 1889ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியதே தவிர, குறியைப் பதிய ஒரு பதிவகத்தை அது தரவில்லை. எனவே உரிமை கோரியோர் பத்திரப்பதிவுச் சட்டத்தின்கீழ் ஓர் அறிவிப்பைப் பதிந்து, செய்தித்தாளில் எச்சரிக்கை விளம்பரம் கொடுத்துவந்தனர். 1940இல் இயற்றப்பட்டு 1942இல் நடைமுறைக்கு வந்த வணிகக்குறிச் சட்டமே அந்தக் குறையைத் தீர்த்தது.

துணிக்கென்று தனி விதிகளும் இருந்தன. துணியின் முனையில் நெய்யப்படும் வண்ணக் கோடுகளை மட்டும் ஒருவர் தம் குறியாகப் பதிய முடியாது என 1958ஆம் ஆண்டுச் சட்டம் திட்டவட்டமாகக் கூறியது. பல ஆலைகளுக்கும் பொதுவாக இருந்த கோட்டை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்காத அந்த முடிவு நியாயமானது.

1970களின் பிற்பகுதியில் இத்தாலிய வணிகர்களின் கொள்முதலுடன் ஏற்றுமதி வளரத் தொடங்கியபின், திருப்பூர் பெரும்பாலும் பிறர் குறிக்காகத் தைக்கும் ஊராக மாறியது. குறி பையருடையது, அதாவது கொள்முதல் செய்பவருடையது, எனும்போது உள்ளூர் நிறுவனம் தனதென்று காத்துக்கொள்ளக்கூடியது வடிவமே. ஆனால் குறியைப் பற்றி இருக்கும் விழிப்பு வடிவத்தைப் பற்றி இங்கே இல்லாதது பெரிய இழப்பு. வடிவம் என்பது கண்ணால் மதிப்பிடப்படும் உருவம், கோலம், வண்ண அமைவு ஆகியவற்றைக் குறிக்கும். துணி பின்னும் புதிய முறையோ இயந்திரமோ காப்புரிமையின்கீழ் வரும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2001 மே 11 முதல் நடைமுறையில் உள்ள 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம், பதிந்த வடிவத்துக்கு 10 ஆண்டுகளும் நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்புத் தருகிறது. பதியத் தகுந்த வடிவத்தைப் பதியாமல் விட்டால், அதைக் கொண்ட பொருள் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உருவாக்கப்பட்டதும் பதிப்புரிமையும் அற்றுப்போகும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. ஒரு பவர் டேபிள் வரிசை அந்த எண்ணிக்கையை ஒரே நாளில் தாண்டிவிடும்.

விண்ணப்பத்துக்கு முன்பே வடிவம் வெளியானால் அதன் புதுமை போய்விடும் என்பதால், பையருக்குச் சாம்பிள் காட்டியே வாழும் தொழிலுக்கு வடிவமைப்புச் சட்டம் ஒத்துவராது என்று தோன்றலாம். எனினும் அதன் 16ஆம் பிரிவு, பதிய எண்ணியிருக்கும் புதிய துணி வடிவத்துக்கு இரகசியமாகப் பெறப்படும் முதல் ஆர்டரை ஏற்பது வெளியீடு ஆகாது என்று துணியின் பெயரைச் சொல்லியே விலக்களிக்கிறது. கண்காட்சிக்கு வேறு விதி: மத்திய அரசு அறிவித்த கண்காட்சியாக இருந்தால், வடிவமைப்புக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு முன்னறிவிப்புக் கொடுத்துக் காட்சிக்கு வைத்து, ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.