முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயும் ஊசி சென்ற வழியும்

மருத்துவ வரலாற்றை இடையறாத முன்னேற்றமாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. புரொஸ்ரேற் எனப்படும் முன்னிற்குஞ் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயைக் கண்டறிந்த முறைகளின் வரலாறு அவ்வழக்கத்திற்கு இசைவதாயில்லை. சலப்பையின் அடியில், நேர்குடலுக்கு முன்னே மறைந்து கிடக்கும் இச்சுரப்பியை நீண்டகாலம் வைத்தியரின் விரல் மட்டுமே எட்டிற்று. விரல் உணர்ந்த தடிப்பு புற்றுத்தானா என்பதை உறுதிசெய்ய, இழையத்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்க வேண்டியிருந்தது.

1904இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இப்புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றிய ஹியூ யங், விதைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட பகுதியைக் கீறித் திறந்து இழையம் எடுப்பதையே ஆதரித்தார். ஐயந் தீர்ப்பதற்கே ஒரு சத்திரசிகிச்சை! 1930இல் நியூயோர்க்கில் பெர்கசன் அதே பகுதியின் தோலூடாக ஊசி செலுத்திக் கலங்களை உறிஞ்சியெடுத்தார். 1937இல் அஸ்ரல்டி நேர்குடற் சுவரூடாக இழையம் எடுக்கும் முறையை வெளியிட்டார். விரல் தொட்ட இடத்தை ஊசியும் இலகுவில் எட்டியமையால், காலப்போக்கில் இவ்வழியே மேலோங்கிற்று.

1960களின் பிற்பகுதியில் ஜப்பானியரான வட்டனாபே நேர்குடலினுள் கருவியை வைத்துக் கழியொலி அலைகளாற் சுரப்பியைப் படமாக்கினார். எனினும் அப்படம் சுரப்பியைக் காட்டியதேயன்றிப் புற்றைப் பெரும்பாலும் காட்டவில்லை. எனவேதான் 1989இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஹொட்ஜ் குழுவினர், பக்கத்துக்கு மூன்றாக ஆறிடங்களில் ஒழுங்காக இழையம் எடுக்கும் முறையை முன்வைத்தனர். பின்னர் அது பன்னிரண்டாயிற்று. பீ.எஸ்.ஏ. என்னும் குருதிச் சோதனை பரவிய காலமும் அதுவே. விரலுக்குத் தட்டுப்படாத சுரப்பிகளும் இப்போது ஐயத்துக்குள்ளாயின. இலக்கின்றிச் சென்ற ஊசிகள், வாழ்நாளில் தீங்கு செய்யாத சிறு புற்றுகளை வெளிக்கொணர்ந்தன. அவற்றுக்காகச் சிகிச்சை பெற்ற பலர் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆண்மையையும் இழந்தனர். சுரப்பியின் முன்புறத்து ஆபத்தான புற்றுகளோ தப்பின. நேர்குடற் பற்றீரியாக்கள் ஊசியோடு உட்புகுந்து குருதியை நஞ்சாக்கியதும் உண்டு.

பிரித்தானியாவில் 576 ஆண்களை ஆராய்ந்து 2017இல் வெளியான புறொமிஸ் ஆய்வில், ஆபத்தான புற்றுகளுள் வழமையான நேர்குடல்வழி முறை 48 வீதத்தையே கண்டறிந்தது. காந்தப் பரிவுப் படமோ 93 வீதத்தைச் சுட்டிக்காட்டிற்று. இவ்விரண்டையும் மதிப்பிட ஆய்வாளர் அளவுகோலாகக் கொண்டது எது என்பதே வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது: கைவிடப்பட்ட பழைய பகுதியூடாக, ஐந்து மில்லிமீற்றர் இடைவெளியில் ஊசி செலுத்திப் பெற்ற இழையங்களே அவை. தொற்று அச்சத்தால் ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கமும் இவ்வழிக்கே முன்னுரிமை அளித்துள்ளது. பெர்கசனின் ஊசி நுழைந்த அதே தோலில், இன்று படம் காட்டும் இலக்கை நோக்கி ஊசி நுழைகின்றது.