பாலை நகரின் முதல் வாசல்

வளைகுடாக் குடிபெயர்வு குறித்து ஆய்வேடு எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் விசாவிலிருந்தே தொடங்குகிறார்கள். கஃபாலா முறை, முதலாளியிடம் சிக்கிக்கொண்ட கடவுச்சீட்டு, காலாவதியான அனுமதிக்கு நாள்தோறும் ஏறும் அபராதம் என வாதம் நேரே துபாய் விமான நிலையத்தில் போய் இறங்கிவிடுகிறது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் அங்கே சென்று சேரும் முன்பே பயணி வேறொரு வாசலில் நிறுத்தப்பட்டுவிட்டார். அந்த வாசல் இந்தியாவில் இருந்தது. அதைக் கட்டியவர்கள் ஷேக்குகள் அல்லர்.

என்னை இந்தப் பக்கம் திருப்பியது ஆஸ்டின் டவுனில் என் பெரியம்மா வைத்திருந்த பழைய கடவுச்சீட்டு. 1980களின் பிற்பகுதியில் எடுத்தது. துபாயில் வேலை பார்த்த தம்பியைப் பார்த்துவிட்டுச் சில வாரங்களில் திரும்பிவர அவர் திட்டமிட்டிருந்தார். பயணம் நடக்கவில்லை. அந்தக் கடவுச்சீட்டில் எந்த அயல்நாட்டின் முத்திரையும் இல்லை. இருப்பது நம் நாட்டு முத்திரை ஒன்றுதான். ‘எமிகிரேஷன் செக் ரிக்கொயர்டு’, அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை. சுருக்கமாக ஈ.சி.ஆர்.

இந்த முத்திரை யாருக்குக் குத்தப்பட்டது என்பதில்தான் செய்தி இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பட்டதாரிகள், வருமான வரி கட்டுவோர், உயர்நிலை அரசு ஊழியர்கள் ஆகியோருக்குச் சோதனை இல்லை. மற்றவர்கள் வேலைக்காக வெளிநாடு செல்ல வேண்டுமாயின் ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்னும் அதிகாரியின் அனுமதி வேண்டும். வேலைக்குச் செல்லாமல் உறவினரைப் பார்க்கச் செல்பவராயினும், சோதனையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஒப்புதலை அதே அதிகாரியிடம் பெற வேண்டும். திரும்பி வருவதற்கான பயணச்சீட்டையும் காட்ட வேண்டும். இந்த நடைமுறை 2007 வரை நீடித்தது. பெங்களூரில் அக்காலத்தில் அத்தகைய அலுவலகம் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஆஸ்டின் டவுன் பெண் ஒருவர் துபாய்க்குப் போவதென்றால் முதலில் சென்னைக்கு ரயிலேற வேண்டும்.

1809இல் பெங்களூர்க் கண்டோன்மென்ட் அமைந்தபோது, படையை ஒட்டிச் சென்னை மாகாண மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ் உழைப்பாளர்களின் வழிவந்தவர்கள் செறிந்து வாழும் வட்டாரம் இது. இடம்பெயர்ந்து பிழைப்பது அவர்களுக்குப் புதிதன்று. அந்தப் பிழைப்பை அரசு எழுத்தில் பதிந்து பிடித்துவைக்கும் முறையும் புதிதன்று.

‘பாதுகாவலர்’ என்னும் பதவியின் வயதைப் பாருங்கள். ஒப்பந்தக் கூலிகளின் துயரம் அம்பலமானதால் 1839இல் தடைசெய்யப்பட்ட மொரீஷியஸ் குடிபெயர்வு, 1842இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது துறைமுகங்களில் தோன்றிய பதவி அது. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ‘ட்ரூரோ’ கப்பல் புறப்பட்டபோதும் அப்பதவி இருந்தது. நேட்டால் கப்பல் பட்டியல்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள அடையாளம். நம் பழைய கடவுச்சீட்டுகளில் இருந்த ‘அங்க அடையாளம்’ என்னும் கட்டத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டியல்கள் நினைவுக்கு வரும். ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின் வந்த 1922ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டத் தொழிலாளரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. எழுபதுகளில் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடாவுக்கு ஆள் திரண்டபோது இந்திய அரசின் கையிலிருந்த கருவி அதுதான்.

இதற்கிடையே 1967இல் ஒரு திருப்பம். சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டுச் சட்டம் அதன் விளைவாக அதே ஆண்டில் வந்தது. வழக்குத் தொடுத்தவர் ஒரு தொழிலதிபர். அவர் வென்ற உரிமை ஏட்டளவில் எல்லோருக்கும் உரியது. ஆனால் கூலிவேலைக்குச் செல்பவர் அதன்பிறகும் பழைய சட்டத்தின் நிழலிலேயே நின்றார். நம் சட்ட வரலாற்று நூல்கள் முதற்செய்தியைக் கொண்டாடுகின்றன; இரண்டாவதை அடிக்குறிப்பிலும் சேர்ப்பதில்லை.

அக்கரை வாசலுக்கு வருவோம். கஃபாலாவைப் பாலைவனக் குலமரபின் எச்சம் என்று எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. ஒமர் அல்ஷெஹாபி 2019இல் வெளியிட்ட கட்டுரை இதை மறுக்கிறது. 1920களில் பஹ்ரைனுக்கு முத்துக்குளிப்புக்கு வந்த அயலாரைக் கட்டுப்படுத்த பிரிட்டிஷ் நிர்வாகம் உருவாக்கிய ஏற்பாடே நவீன ஸ்பான்சர் முறையின் தொடக்கம் என்பது அவர் வாதம். அன்று வளைகுடாவின் பிரிட்டிஷ் அரசியல் ரெசிடென்ட் புஷெஹ்ரில் இருந்தபடி இந்திய அரசாங்கத்துக்குக் கீழ்ப்பட்டே இயங்கினார். ரூபாய்தான் அங்கே நாணயம். வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய்த் தாள் 1959இல் அச்சிடப்பட்டது. 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட பிறகே அது அங்கு வழக்கொழிந்தது. ஆகவே, வெளியேறும் வாசலும் நுழையும் வாசலும் ஒரே பேரரசின் நிர்வாக மரபில் வார்க்கப்பட்டவை என்பது என் கருத்து. ‘கண்டிப்பான விசா விதிகள்’ என்று நாம் சுட்டும் நகரம் அந்தக் கண்டிப்பைத் தனியே கண்டுபிடிக்கவில்லை.

1983ஆம் ஆண்டுச் சட்டம் யாரையும் காக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. போலி முகவர்கள் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய கூலி வேறாகவும் கையில் கிடைத்தது வேறாகவும் இருந்தது. ஒப்பந்தத்தைச் சரிபார்க்க ஓர் அலுவலகம் தேவைதான். சிக்கல் எங்கே என்றால், ஏமாற்றும் முகவரைத் தடுப்பதைவிட ஏமாறக்கூடிய பெண்ணைத் தடுப்பது அரசுக்கு எளிதாயிற்று. ஈ.சி.ஆர். கடவுச்சீட்டுடைய, முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. தேவை நிற்கவில்லை, ஆகவே பயணமும் நிற்கவில்லை. சுற்றுலா விசாவில் ஏற்றி, இந்திய விமான நிலையக் குடிநுழைவு மேசையைக் கையூட்டால் கடத்திவிடும் வழக்கத்துக்குப் ‘புஷ்ஷிங்’ என்று பெயர் ஏற்பட்டது. அப்படிச் சென்றவரின் ஒப்பந்தம் எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லை. கூலி மறுக்கப்பட்டால் தூதரகத்தில் காட்ட அவரிடம் ஒரு காகிதம்கூட இராது. 2016க்குப் பிறகு இப்பெண்களை வேலைக்கு அனுப்பும் பொறுப்பு அரசு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. பக்கவழி அதனால் அடைபட்டுவிடவில்லை.

முத்திரையைக் கண்ணுக்குப் புலப்படும் அடையாளமாக்கும் ஆசையும் எழுந்தது. 2018 ஜனவரியில், ஈ.சி.ஆர். கடவுச்சீட்டுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. குடிமக்களை நிறத்தால் இரண்டாகப் பிரிப்பதா என்ற எதிர்ப்பு எழவே, அம்மாத இறுதிக்குள் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அட்டைதான் ஒரே நிறமாக நீடித்தது. பாகுபாடு உள்ளேயே இருக்கிறது. விலக்குக்கான கல்வித் தகுதி இன்று பத்தாம் வகுப்பாகத் தளர்ந்திருக்கிறது என்பது ஓர் ஆறுதல். சோதனை தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் இருக்கிறது.

அக்கரையும் இதே தராசைத்தான் வைத்திருக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியருக்குத் துபாயில் வந்திறங்கியபின் விசா கிடைக்கும். மற்றவர்களில் பெரும்பாலோர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், திரும்பும் பயணச்சீட்டையும் தங்குமிடச் சான்றையும் காட்டச் சொல்வார்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1860இல் கப்பலேறியவரின் ஊரையும் உடல் அடையாளத்தையும் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கலாம். 1990களில் சுற்றுலா விசாவில் சென்ற வீட்டுவேலைப் பெண்ணுக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. அவர் வரலாறு பணவிடைச் சீட்டிலும் ஒலிநாடாக் கடிதத்திலும் ரத்தான கடவுச்சீட்டிலும்தான் இருக்கிறது. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, அல்சூர் வீடுகளில் இவை பழைய காகிதக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உரியவர்களின் இசைவோடு படமெடுத்து வைக்கும் பணியை இந்த ஆண்டே தொடங்கலாம்.