ஷ்குபாங்கியும் மரச்சீனிக் கிழங்கும்

சென்ற கோடையில் நானும் என் மனைவியும் பிராக் நகரில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். அவன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாளுக்கு எண்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன், மருமகள், பேரன் உட்பட எங்கள் ஐந்து பேரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

அன்று அவர் செய்தது ஷ்குபாங்கி என்ற பழைய செக் நாட்டு உணவு. உருளைக்கிழங்கை வேகவைத்து, மரக்கரண்டியின் காம்பால் அடிவரை குழிகள் போட்டு, அதில் கோதுமை மாவைக் கொட்டி மூடி, ஆவியில் வேகவிடுகிறார்கள். பிறகு நன்றாகக் கிண்டி மசித்து, நெய்யில் தோய்த்த கரண்டியால் உருண்டை உருண்டையாக எடுத்து வைத்து, மேலே அரைத்த கசகசாவும் சர்க்கரையும் தூவுகிறார்கள். பரிமாறும்போது அந்த அம்மாள் ஏதோ சொல்லிக் கூச்சத்தோடு சிரித்தார். "இது ஏழைகள் சாப்பாடு, தப்பாக நினைக்காதீர்கள் என்கிறார்" என்றான் மகன்.

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காரணம் எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உருளைக்கிழங்கின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. செக் மொழியில் அதற்கு 'ப்ரம்போரி' என்று பெயர். பிரஷ்யாவின் பிராண்டன்பர்க் பகுதியைச் செக்குகள் 'பிரானிபோர்' என்பார்கள். அங்கிருந்து வந்த கிழங்கு என்பதால் அந்தப் பெயர். 1771, 1772-இல் பொஹிமியாவில் பெரும் பஞ்சம். தானியம் பொய்த்த அந்தக் காலத்துக்குப் பிறகுதான் ஜனங்கள் இந்தக் கிழங்கை விரும்பிப் பயிரிட்டார்கள்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பார்மாந்தியே என்ற பெயர் பள்ளி நாளிலிருந்தே பழக்கம். பிரெஞ்சுப் படையில் மருந்தாளராக இருந்து பிரஷ்யர்களிடம் கைதியானவர். சிறையில் அவருக்குக் கிடைத்தது உருளைக்கிழங்கு. அப்போது பிரான்சில் அதைப் பன்றித் தீவனமாக நினைத்தார்கள். ஊர் திரும்பிய அவர் அது மனிதருக்கும் நல்ல உணவு என்று வாதாடினார். 1772-இல் பாரீஸ் மருத்துவப் புலம் அதை ஒப்புக்கொண்டது. இன்றும் மசித்த கிழங்கும் கறியும் சேர்ந்த பண்டம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறது.

நம் மரச்சீனியின் கதையும் இதேதான். அதுவும் தென் அமெரிக்காவில் பிறந்தது. பாண்டிச்சேரியில் மரவள்ளி, பிரெஞ்சில் மானியோக். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். விஷம் என்று பயந்த ஜனங்களுக்காக, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு உண்ணும் முறையைச் சொல்லி, தாமே உண்டு காட்டினார் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. நம் கடற்கரை வீடுகளில் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்கும், கிடைத்த சாளை மீனும்தான்.

இனி என் கதை. 1977-இல் திருமணம் முடிந்து முதல் தடவையாக இனயத்துக்கு விருந்துக்கு வந்தேன். என் மாமியார் மரச்சீனிக் கிழங்கை மயக்கி, மீன்கறியோடு வைத்தார். "ஏழை வீட்டுச் சாப்பாடு மருமோனே, ஒண்ணும் நெனைக்காதீங்க" என்றார். சர்க்கார் குமாஸ்தா, பிரெஞ்சு படித்தவன் என்ற தலைக்கனம் எனக்கு. இரண்டு வாய் தின்றுவிட்டு, "சோறு இல்லையா?" என்று கேட்டேன். அடுத்த வீட்டில் அரிசி கடன் வாங்கி எனக்கு உலை வைத்தார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பிராக்கில் நான் தட்டைக் காலி செய்து, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அண்ணைக்கு எங்க அம்மா வெச்சதும் இதுதானே" என்றாள் மனைவி மெதுவாக. பேரன் என்னவென்று கேட்டான். அவனிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன்.

ஊர் திரும்பிய மறுநாள் மரச்சீனி வாங்கி வந்தேன். மாமியார் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. கிழங்கைத் தோலுரித்து நானே நறுக்கிக் கொடுத்தேன்.